வயரெல்லாம் சரியாத்தான் இருக்குது

ஆயுதபூசைக்கு மறுநாள் சாயங்காலம் அங்கப்பன் கம்ப்யூட்டரைப் போட்டு, திரையில் இருந்த லாரிப் படத்தின் மேல் இரண்டு தட்டுத் தட்டினார். வட்டம் சுற்றியது. திரை கறுத்தது. இந்தா வந்துவிட்டது என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கறுப்பு போய்விட்டது, விளையாட்டு வரவில்லை. லாரிப் படம் பழையபடி மூலையில் உட்கார்ந்திருந்தது. மறுபடி தட்டினார். மறுபடி அதே கதை. பத்துத் தடவை தட்டியிருப்பார். வாங்க வாங்க என்று கூப்பிட்டுவிட்டு வாசலிலேயே கதவைச் சாத்துகிற சொந்தக்காரன்போல அது அவரைப் படுத்தியது.

"அட நாசமாப் போனதே, பூசை போட்டதுக்கு இதுவா மருவாதி?" என்று திட்டினார். பதில் சொல்ல வீட்டில் ஆள் கிடையாது. கம்ப்யூட்டரும் சொல்லவில்லை.

அறுபத்தொரு வயது ஆளுக்கு லாரி ஓட்டுகிற விளையாட்டு என்ன கேடு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கணபதி என்கிற ஏரியாவில் முன்பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை, பின்பக்கம் வீடு என்று முப்பது வருசத்தை ஓட்டியவர். சீட்டுக்கட்டைக்கூடத் தொட்டதில்லை. லாரிமேல் அவருக்கு ஓர் ஆசையும் இல்லை. ஆனால் அந்த லாரிக்குள் ஒரு ரேடியோ இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த ரேடியோவில் அவருடைய மகன் பிரவின்குமார் பேசுவான். விஷயம் அவ்வளவுதான்.

பிரவின் பெங்களூரில் வேலை பார்க்கிறான். அப்பாவோடு பேசி இரண்டு வருசம் ஆகிறது. போன் போட்டால் எடுப்பதில்லை. போன தீபாவளிக்கு அங்கப்பன் அனுப்பிய வாழ்த்து இன்னும் படிக்கப்படாமலே கிடக்கிறது. அவன் விட்டுப்போனது பழைய துணி ஒரு மூட்டையும் இந்தக் கம்ப்யூட்டரும்தான்.

பையன் வீட்டில் இருந்த காலத்தில் சனிக்கிழமை ஆறு மணிக்கு அறைக்கதவைச் சாத்தினால் ஒன்பது மணிக்குத்தான் திறப்பான். உள்ளே யாரோடோ ஒரே பேச்சும் சிரிப்புமாக இருக்கும். 'கொங்கு வண்டிக்காரங்க' என்று ஒரு கூட்டம், எட்டுப் பத்துப் பேர். ஏதோ வெளிநாட்டு ரோட்டில் ஆளுக்கொரு லாரியை வரிசையாக ஓட்டிக்கொண்டு, உக்கடத்தில் எந்தக் கடை பிரியாணி நல்லா இருக்கும் என்று ரேடியோவில் சண்டை போடுவார்கள். அப்போதெல்லாம் அங்கப்பன் கதவைத் தட்டி, "இதுல என்ன வருமானம் வருதுன்னு இந்தக் கத்து கத்தறே?" என்று கேட்டுவிட்டுப் போவார். இப்போது அந்தப் பேர் மட்டும் ஞாபகத்தில் இருந்தது. கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் கிருபாசங்கரைக் கூப்பிட்டு, அந்தக் கூட்டத்தில் தன்னைச் சேர்த்துவிடச் சொன்னார். சொந்தப் பேரில் இல்லை. போத்தனூர் ராமுலு, ரயில்வேயில் ரிட்டயர்டு என்று ஒரு பேரில்.

பதினோரு மாசமாக ராமுலு சனிக்கிழமை தவறியதில்லை. ராமுலு பேசமாட்டார், மைக் கெட்டுப்போய்விட்டது என்று முதல் நாளே எழுதிவிட்டார். குரல் கொடுத்தால் குட்டு உடைந்துவிடுமே! ஹெட்போனில் இரண்டு வயர்கள். கேட்பதற்கான பச்சை வயரை மட்டும் மாட்டினார், பேசுவதற்கான பிங்க் வயரை மாட்டவே இல்லை. பிரவின் முன்னால் போவான், ராமுலு பின்னாலேயே போவார். பெங்களூர் மழை, ஆபீஸ் மேனேஜர், தான் சமைத்த ரசம் என்று அவன் பேசிக்கொண்டே போவான். அங்கப்பன் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்பார். வாரத்தில் மற்ற ஆறு நாளும் மோட்டார்ச் சத்தம்தான்.

ஒரு தடவை, ரோடு காலியாக இருந்த நேரத்தில், பிரவின் அவரைப் பற்றியே அவரிடம் சொன்னான்.

"ராமுலுண்ணா, எங்கப்பாவுக்கும் உங்க வயசுதானுங்க. பேச்சுவார்த்தை இல்லீங்க. அம்மா நெஞ்சு வலிக்குதுன்னு காலைல பதனோரு மணிக்கு எனக்குத்தான் போன் பண்ணாங்க. ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு அவருகிட்ட நாலு தடவை சொன்னேனுங்க. கேஸ் ட்ரபுளு, எனக்குத் தெரியாதான்னு சோடா வாங்கிக் குடுத்தாரு. பொழுது எறங்கறப்பத்தான் கூட்டிட்டுப் போனாரு. போனவங்க வரலீங்க. தப்புப் பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதுமுங்க. கருமாதி அன்னைக்குக்கூட, அவ விதி முடிஞ்சுதுன்னாரு. தப்பு தம்மேலன்னு அந்த மனுசன் வாயில வரவே வராதுங்க."

அன்றைக்கு ராமுலுவின் லாரி ரோட்டோரக் கம்பியில் மோதிக் கவிழ்ந்தது. தூக்கம் வந்துவிட்டது தம்பி என்று எழுதிச் சமாளித்தார்.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், போன சனிக்கிழமை பிரவின் ரேடியோவில் ஒன்று சொல்லியிருந்தான். "அடுத்த வாரந்தான் எனக்குக் கடைசி ட்ரிப்புங்க. ஆபீசுல சிப்ட் மாத்திட்டாங்க, இனிச் சனிக்கிழமை வர முடியாது." எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். அந்தக் கடைசி சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள் இருக்கும்போதுதான் இந்தச் சனியன் திறக்கமாட்டேன் என்கிறது.

அங்கப்பன் கிருபாசங்கருக்குப் போன் போட்டார்.

"ஏனுங்க மாமா, நேத்துப் பூசைக்குக் கழுவித் தொடச்சீங்களா?"

"தொடைக்காம? தொழில் சாமானம் எல்லாத்தையும் தொடச்சு, இதை மட்டும் அழுக்கா உடச் சொல்றியா? வயரெல்லாம் புடுங்கிப் போட்டு, புளோயர்ல தூசி அடிச்சு, ஈரத்துணியில தொடச்சு, சந்தனம் குங்குமம் வெச்சேன்."

"வயரெல்லாம் மறுக்காச் சரியா மாட்டுனீங்ளா?"

அங்கப்பனுக்குச் சுருக்கென்று வந்தது. "ஏப்பா, நான் எத்தன வருசமா வயர்ல குடித்தனம் பண்றேன் தெரியுமா? இருவத்திநாலு முனை வெளிய நீட்டிட்டு நிக்கற மோட்டார்ல கண்ண மூடிட்டுக் கனெக்சன் குடுக்கறவன். என்னைப் பாத்து வயரு மாட்டுனியான்னு கேக்கறே. வயரெல்லாம் சரியாத்தான் இருக்குது."

"சரிங்க மாமா, சரிங்க. பொட்டியை மட்டும் நாளைக்குக் கடைக்கு எடுத்துட்டு வாங்க."

வெள்ளிக்கிழமை காலை, பெட்டியை மட்டும் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனார். கிருபாசங்கர் அதைத் தன் மேசையில் வைத்து, தன் கடை மானிட்டரின் வயரைப் பின்னால் சொருகி, லாரிப் படத்தைத் தட்டினான். ஐயோ சாமி, முதல் தட்டிலேயே திறந்துகொண்டது! லாரி உறுமியது. அங்கப்பனுக்கு உயிர் வந்தது.

"ஒண்ணுமே இல்லீங்களே மாமா" என்றான் கிருபாசங்கர்.

சந்தோசமாக வீட்டுக்குக் கொண்டுவந்து, மறுபடி எல்லா வயரையும் மாட்டித் தட்டினார். வட்டம் சுற்றியது. திரை கறுத்தது. திறக்கவில்லை.

இந்த இடத்தில் அவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம். ஏனென்றால் இதே புகாரோடு அவரிடம் வராத ஆள் கிடையாது. பட்டறையில் ஓடுகிற மோட்டார் தோட்டத்துக்குப் போனால் ஓடவில்லை என்று வந்து நிற்பார்கள். "மோட்டார்ல கோளாறு இல்லீங்க, உங்க ஊட்டுக் கனெக்சன்லதான் கோளாறு, போய்ப் பாருங்க" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லி அனுப்புவார். பத்துக்கு ஒன்பது தடவை அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். ஊரார் வீட்டுக் கனெக்சனில் கோளாறு இருக்கும். அங்கப்பன் வீட்டுக் கனெக்சனில் கோளாறு இருக்குமா? அந்த எண்ணமே அவருக்கு வரவில்லை. கிருபாசங்கருக்குத்தான் மறுபடி போன் போட்டுப் பார்த்தார். ஈரோட்டில் கல்யாணம், திங்கட்கிழமைதான் வருவேன் என்றான்.

சனிக்கிழமை காலையிலிருந்து பட்டறையைத் திறக்கவில்லை. இரண்டு இட்லியைப் பிட்டுப் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னாலேயே கிடந்தார். நிறுத்திப் போட்டார். விபூதி பூசிவிட்டுப் போட்டார். தலையில் ஓர் அடி அடித்தும் பார்த்தார். மூன்று மணிக்கு அழுகை வருகிற மாதிரி ஆகிவிட்டது. இந்த ஒரு தடவையாவது அவன் குரலைக் கேட்டுவிட்டால் அப்புறம் எக்கேடும் கெட்டுப் போகட்டும் என்று இருந்தது.

கேட்பதற்கு உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் பாக்கி. அந்தக் கூட்டத்துக்குப் போனில் ஒரு சாட் உண்டு. அதில் நம்பர் தெரியாது, வைத்துக்கொண்ட பேர் மட்டும்தான் தெரியும். பிரவின் பேருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. ராமுலுவாக மாறி, ஒற்றை விரலால் எழுதினார்.

'தம்பி, கேம் ஓப்பன் ஆவறதில்ல. கறுப்பாயிட்டு வெளிய வந்துருது.'

உடனே பதில் வந்தது. 'ஐயையோ, இன்னைக்கா? இருங்கண்ணா, நானிருக்கேன். கடைசி ட்ரிப்புக்கு நீங்க இல்லாம எப்படி?'

அங்கப்பன் அந்த வரியை நாலு தடவை படித்தார். அவன் எழுதியது ராமுலுவுக்கு என்பது நாலாவது தடவைதான் உறைத்தது.

அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிரவின் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, இவர் செய்தார். இதை அமுக்குங்க, அதை அப்டேட் பண்ணுங்க, பைலெல்லாம் சரியா இருக்குதான்னு பாருங்க. ஒன்றுக்கும் அசையவில்லை. பையன் ஒரு தடவைகூட அலுத்துக்கொள்ளவில்லை. 'பரவால்லண்ணா', 'மெதுவாப் பண்ணுங்கண்ணா' என்றே எழுதினான். இவ்வளவு பொறுமை இந்தப் பயலுக்கு யாரிடமிருந்து வந்தது? தன்னிடமிருந்து வந்திருக்க வழியில்லை என்று அங்கப்பனுக்கே தெரிந்தது. பாவாத்தாள்தான். அவர் பொண்டாட்டி அப்படித்தான் இருந்தாள், கடைசி நாள் அந்தச் சோடாவைக் குடிக்கும்போதுகூட.

'அண்ணா, மானிட்டர் வயரு பின்னாடி எந்த ஓட்டையில இருக்குது?'

'வயரெல்லாம் சரியாத்தான் இருக்குது தம்பி. நான் பாத்துட்டேன்.'

அங்கப்பன் மணியைப் பார்த்தபடி பதிலுக்குக் காத்திருந்தார். பிறகு வந்தது. 'கோவிச்சுக்காதீங்க. அப்படியே எங்கப்பா மாதிரி பேசறீங்க. ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கண்ணா, நானே பாக்கறேன்.'

மணி ஐந்து பத்து.

போட்டோ எடுப்பது பெரிய வேலை இல்லை. ஆனால் பெட்டியின் முதுகில் ஒரு சங்கதி இருந்தது. பட்டறைக்கு எந்த மோட்டார் வந்தாலும் அங்கப்பன் செய்கிற முதல் வேலை, மஞ்சள் பெயிண்டில் ஆள் பேரை அதன்மேல் எழுதுவது. பேர் எழுதாத சாமான் பட்டறைக்குள் இருக்கக்கூடாது. ஏழு வருசத்துக்கு முன்னால் இந்தக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோதும் கை சும்மா இருக்கவில்லை. 'புதுசுல போயி எழுதறீங்களேப்பா' என்று பையன் கத்தக் கத்த, பின்பக்கத் தகட்டில் கொட்டை எழுத்தில் 'பிரவின்' என்று எழுதிவிட்டார். ஈரத்துணியால் துடைத்தால் போகிற பெயிண்டா அது?

பெட்டியை மேசைமேல் திருப்பிவைத்தார். பேர்மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டு ஒரு போட்டோ எடுத்தார். நன்றாகத்தான் விழுந்திருந்தது. அதை அனுப்பினால் பிரவின் கோளாறைச் சொல்லிவிடுவான், விளையாட்டு திறந்துவிடும், ஆறு மணிக்கு ராமுலு பின்னாலேயே போவார், அவன் குரல் கேட்கும். ஒன்பது மணிக்கு எல்லாரும் போய்வாரேன் என்பார்கள். அதோடு ராமுலுவுக்கும் வேலை முடிந்துவிடும். அடுத்த சனிக்கிழமை யாரைத் தேடுவது? அவன்தான் யாரைத் தேடுவான்? ராமுலு என்று ஓர் ஆள் போத்தனூரில் இருந்தார், நல்ல மனுசன், மைக்தான் இல்லை என்று நினைத்துக்கொள்வான். தன் அப்பனைப் பற்றி என்ன நினைப்பான் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

விரலை எடுத்துவிட்டு இன்னொரு போட்டோ எடுத்தார். கொஞ்சம் கலங்கித்தான் விழுந்தது, ஆனாலும் பேர் பளிச்சென்று தெரிந்தது. அதை அனுப்பினார்.

பார்த்துவிட்டான் என்பதற்கான குறி விழுந்தது. அங்கப்பன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். ஒன்றும் வரவில்லை. எழுதுகிறான் என்று காட்டும், நின்றுவிடும். மறுபடி எழுதுகிறான் என்று காட்டும். பத்து நிமிசம் அவர் நாற்காலியில் உட்காரவே இல்லை.

பிறகு வந்தது. அதில் அண்ணா என்ற சொல் இல்லை.

'மானிட்டர் வயரு மேல் ஓட்டையில இருக்குது. கீழ சொருகோணும். ரெண்டும் பாக்க ஒண்ணாட்டத்தான் இருக்கும். மேல சொருகுனா மத்ததெல்லாம் ஓடும், கேம் மட்டும் ஓடாது. கூட்டறப்ப வயரு கழண்டு போச்சுன்னா மாத்தி மாட்டிரக்கூடாதுன்னு, அம்மாதான் கீழ் ஓட்டைக்குப் பக்கத்துல ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வெச்சிருந்தாங்க. அது எங்கீங்க?'

அங்கப்பனுக்கு ஞாபகம் வந்தது. பூசைக்குத் துடைக்கும்போது பின்னால் சிவப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. போன வருசத்துக் குங்குமம் காய்ந்துபோய்க் கிடக்கிறது என்று நகத்தால் சுரண்டி, துணியில் துடைத்து, அதே இடத்துக்குப் பக்கத்தில் புதுக் குங்குமம் வைத்தவர் அவர்தான். பாவாத்தாள் கைப்பட ஒட்டியது இந்த வீட்டில் அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதுவும் தெரியாமல் போயிற்று.

எழுத உட்கார்ந்தார். முதலில் 'தூசின்னு நெனச்சுட்டேன்' என்று எழுதினார். அழித்தார். 'பூசைக்குன்னா தொடைக்காம என்ன பண்றது' என்று எழுதினார். அதையும் அழித்தார். ஒவ்வொன்றிலும் தப்பு வேறு எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது. கடைசியில் எழுதினார்.

'நாந்தான் சுரண்டிப்போட்டேன் கண்ணு. வயரை மாத்தி மாட்டுனதும் நாந்தான். நீ அன்னைக்கு நாலு தடவை சொல்லியும் உங்கம்மாளைக் காலையிலயே கூட்டிட்டுப் போவாததும் நாந்தான். தப்பு எம்மேலதான். இதைச் சொல்றதுக்கு எனக்கு ரெண்டு வருசம் ஆயிப்போச்சு.'

போய்விட்டது. பார்த்துவிட்டான் என்ற குறியும் விழுந்தது. அடுத்த நிமிசம் பிரவின் பேருக்குப் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளி அணைந்தது.

அங்கப்பன் போனை மேசைமேல் வைத்தார். வீட்டில் பாத்ரூம் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. எழுந்து, வயரைப் பிடுங்கிக் கீழ் ஓட்டையில் சொருகினார். லாரிப் படத்தைத் தட்டினார். வட்டம் சுற்றியது, திரை கறுத்தது, விளையாட்டு திறந்துகொண்டது. மூன்று நாளாகத் தவம் கிடந்ததற்கு இப்போது அவருக்கு ஒரு சந்தோசமும் வரவில்லை.

ஆறு மணிக்கு லாரிகள் கிளம்பும் யார்டில் போய் நின்றார். ஏழெட்டு வண்டிகள் இருந்தன. பிரவினுடைய நீல லாரி இல்லை. அப்புசாமி என்கிறவர்தான் கூட்டத்துக்குத் தலைவர், அவர் ரேடியோவில் கூப்பிட்டார். "பிரவினு வரலீங்களா? கடைசி ட்ரிப்புன்னு சொல்லிப்போட்டு எங்க போனான்?" கால் மணி நேரம் பார்த்துவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். "ராமுலுண்ணா, வாரீங்களா?" என்று கேட்டார் அப்புசாமி. 'நீங்க முன்னால போங்க' என்று அங்கப்பன் எழுதினார். கடைசி லாரியின் சிவப்பு விளக்கு வளைவில் திரும்பி மறைந்தது. யார்டில் அவர் வண்டி மட்டும் என்ஜின் ஓடிக்கொண்டு நின்றது. வெளிநாட்டு மழை கண்ணாடியில் விழுந்தது.

ஆறே முக்காலுக்கு அவருடைய பக்கக் கண்ணாடியில் வெளிச்சம் தெரிந்தது. நீல லாரி வந்து அவருக்குப் பின்னால் நின்றது.

ஹெட்போனில் கரகரவென்று ஒரு சத்தம். பிறகு, பிரவின் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"படிச்சேனுங்கப்பா."

அங்கப்பன் வாயைத் திறந்தார். "கண்ணு" என்றார். "பிரவினு, அப்பா பேசறேன்" என்றார். சாப்பிட்டாயா என்றும், எப்படி இருக்கிறாய் என்றும், ரசத்துக்குப் பெருங்காயம் போடுகிறாயா என்றும், இரண்டு வருசத்து வார்த்தை அத்தனையும் முட்டிக்கொண்டு வந்தது.

"அப்பா? இருக்கீங்களா? பேசுங்கப்பா, கேக்கல."

இன்னும் சத்தமாகக் கத்தினார். பட்டறையில் மோட்டார் ஓடும்போது கத்துகிற கத்து.

"அப்பா, நீங்க பேசறது எனக்கு ஒண்ணுமே கேக்கல. மைக்கு வயரு மாட்டியிருக்குதான்னு ஒருக்காப் பாக்கறீங்களா?"

பாதி வார்த்தையில் நிறுத்திக்கொண்டார். மேசையோரத்தில் பதினோரு மாசமாக மாட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருந்த பிங்க் வயரைப் பார்த்தார். ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாகத் தேடி எழுதினார்: 'மாட்டல கண்ணு. இப்ப மாட்டறேன்.'

ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, பெட்டியைத் திருப்பி அதன் பின்னால் குனிந்தார். மூக்குக்கண்ணாடி நழுவியது, ஓட்டைகள் எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தன, எது பிங்க் என்று தெரியவில்லை. பிங்க் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஓட்டையாகத் தடவித் தேடினார். மேசைமேல் கிடந்த ஹெட்போனிலிருந்து குரல் சின்னதாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"அவசரமில்லீங்கப்பா. மெதுவாப் பாருங்க. நான் இங்கயேதான் இருக்கேன்."